445-ஆம் எண்ணை யாருக்குத் திறப்பது?

கோவையிலிருந்து கரூர் போகும் சாலையில் காங்கேயத்தைத் தாண்டினால் வெள்ளகோவில். கழிவுப் பஞ்சை நூலாக்கும் ஓஇ மில்கள், தறிக் குடோன்கள், எண்ணெய் ஆலைகள், சூரியகாந்தி விதை ஏலம் போகும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என்று ஊர் எப்போதும் சரக்கும் லாரியுமாகவே இருக்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, அடுத்த ஆண்டே இ-வே பில்லும் வந்தது. அதிலிருந்து சின்ன மில்லின் முன்னறையில்கூட இரண்டு மூன்று கணினிகள் இல்லாமல் வேலை நடப்பதில்லை. பில் போடுவது ஒன்றில், கணக்கு பார்ப்பது இன்னொன்றில், எடைமேடைச் சீட்டு அடிப்பது வேறொன்றில்.

ஒன்றில் இருக்கும் ஃபைல் மற்றொன்றுக்கு வேண்டியிருக்கும். பென் டிரைவை எடுத்துக்கொண்டு மேசைக்கு மேசை நடப்பது பழைய வழி. ஃபைலோடு வைரஸும் சேர்ந்து நடந்த காலம் அது. இப்போது பல அலுவலகங்களில் மூலையில் கிடக்கும் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, அதை எல்லோருக்கும் பொதுவான ஃபைல் பெட்டியாக வைத்துக்கொள்கிறார்கள். டேலி பேக்கப், பெட்ஷீட் டிசைன், ஆடிட்டருக்குப் போக வேண்டிய எக்செல் எல்லாம் அங்கே போய்ச் சேரும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐத் தாங்காத பழைய கணினிகளைக் காயலான் கடைக்கு அனுப்ப மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை நல்ல மாற்று. தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த கணினிகளில், சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான பாஸ் லினக்ஸ் இருந்தது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகளில் பலர் இன்று ஏதாவது ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.

சிக்கல் வருவது கடைசிப் படியில். லினக்ஸ் போட்டாயிற்று, ஃபோல்டரை ஷேர் செய்தாயிற்று. ஆனால் பக்கத்து மேசை விண்டோஸிலிருந்து திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிறகு ‘இணைக்க முடியவில்லை’ என்கிறது. சர்வீஸ்காரருக்குப் போன் போகும். “ஒண்ணுமில்லீங்ண்ணா, அந்த ஃபயர்வாலை ஆஃப் பண்ணி உடுங்க, தானா வந்துரும்” என்று பதில் வரும். அவர் சொன்னபடியே ஷேரும் வந்துவிடும். பிறகு அந்த ஃபயர்வாலை யாரும் திரும்பப் போடப்போவதில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரி யோசனைக்கு எதிரானது. ஷேர் வேலை செய்ய ஃபயர்வாலை அணைக்கவே தேவையில்லை. அதில் நான்கு எண்களை, அதுவும் அலுவலகத்துக்குள் இருக்கும் கணினிகளுக்கு மட்டும், திறந்துவிட்டால் போதும். வேலை ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு உலகம் முழுக்கச் சான்று உண்டு, பாலக்காடு வரைக்கும் உண்டு.

வலையில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரிக்குள் 65,535 போர்ட்டுகள். நிறைய கேட் வைத்த மில் காம்பவுண்டு என்று வைத்துக்கொள்ளலாம்: பஞ்சு இறங்க ஒரு கேட், நூல் ஏற ஒரு கேட், ஆள் வர ஒரு கேட் என்பதுபோல, இணையப் பக்கம் 443-இல் வரும், தொலைவிலிருந்து லினக்ஸுக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் 22-இல் வரும். ஃபயர்வால்தான் வாட்ச்மேன். எந்த கேட்டுக்கு யார் வந்தால் விடுவது என்ற பட்டியல் அவரிடம் இருக்கும். பட்டியலில் இல்லாதவருக்குப் பதிலே சொல்லமாட்டார். விண்டோஸ் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது அந்தப் பதிலுக்காகக் காத்திருந்ததுதான்.

லினக்ஸ் கணினியை விண்டோஸ் கணினிகளின் கண்ணுக்கு இன்னொரு விண்டோஸைப் போலக் காட்டும் மென்பொருளின் பெயர் சாம்பா. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது. சாம்பா கேட்பது நான்கு போர்ட்டுகள். 137, 138 இரண்டும் யூடிபி வகை. வலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் கூப்பிட. 139, 445 இரண்டும் டிசிபி வகை. உண்மையான ஃபைல் போக்குவரத்து இவற்றில். இன்றைய கணினிகளுக்கு இடையில் பெரும்பாலும் 445 மட்டுமே வேலை செய்கிறது. மற்ற மூன்றும் பழைய முறைக்காக இருப்பவை.

இனி வேலைக்கு வரலாம். உபுண்டுவிலும் மின்டிலும் இருக்கும் ஃபயர்வால் கருவியின் பெயர் யூஎஃப்டபிள்யூ. 2008 ஏப்ரலில் வந்த உபுண்டு 8.04-இலிருந்து கூடவே வருகிறது. ஆனால் அது அணைந்த நிலையில்தான் வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யாராவது ஒருமுறை நல்ல எண்ணத்தில் அதை இயக்கியதும், உள்ளே வரும் எல்லாவற்றையும் தடுத்துவிடும், வெளியே போவதை விட்டுவிடும். நேற்றுவரை ஓடிய ஷேர் இன்று ஓடாமல் போனதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சர்வீஸ்காரர் போனில் சொல்லியிருக்க வேண்டிய கட்டளையை வாயால் சொன்னால் இப்படி இருக்கும்: சூடோ, யூஎஃப்டபிள்யூ, அலோ, ஃப்ரம், 192.168.1.0/24, டு, எனி, ஆப், சாம்பா. ஒன்பது துண்டுகள், நடுவில் ஒவ்வோர் இடைவெளி, கடைசிச் சொல்லான சாம்பாவுக்கு மட்டும் முதலெழுத்து பெரியது. சாம்பா என்ற பெயருக்குள் அந்த நான்கு போர்ட்டுகளும் அடங்கிவிடுவதால் எண்களைத் தனித்தனியாக அடிக்க வேண்டியதில்லை. இந்த வரியின் உயிர் நடுவில் உள்ள முகவரியில் இருக்கிறது. 192.168.1 என்று தொடங்கும் கணினிகளுக்கு மட்டும் விடு, வேறு யார் வந்தாலும் விடாதே என்பது அதன் பொருள். அந்த எண் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. ஜியோ ஃபைபர் ரவுட்டர் போட்ட அலுவலகத்தில் அது வழக்கமாக 192.168.29 என்று தொடங்கும். வேறு ரவுட்டர்களில் 192.168.0 என்று இருக்கலாம். லினக்ஸின் நெட்வொர்க் அமைப்பில் ‘ஐபி முகவரி’ என்ற இடத்தில் பார்த்து, முதல் மூன்று எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு நான்காவதைப் பூஜ்யமாக்க வேண்டும்.

கட்டளை அடிக்கத் தயங்குபவர்களுக்கு மின்டின் மெனுவிலேயே ஃபயர்வால் என்ற ஜன்னல் உண்டு. அதில் கூட்டல் குறியை அழுத்தினால் சாம்பாவைத் தேர்ந்தெடுக்கலாம். எளிய வழியில் சேர்த்தால் எல்லா முகவரிக்கும் திறந்துவிடும் என்பதால், கொஞ்சம் சிரமப்பட்டு ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குப் போய், எங்கிருந்து என்ற கட்டத்தில் மேலே சொன்ன முகவரியைப் போட வேண்டும்.

போர்ட் திறந்த பிறகும் ‘நெட்வொர்க்’ ஜன்னலில் லினக்ஸ் கணினியின் பெயர் தெரியாமல் போகலாம். பதற வேண்டியதில்லை. இன்றைய விண்டோஸ் பெயரைக் கண்டுபிடிக்க வேறொரு முறையைப் பயன்படுத்துகிறது. லினக்ஸில் டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு மென்பொருளைப் போட்டு, யூடிபி 3702-ஐயும் டிசிபி 5357-ஐயும் அதே முகவரி வரம்போடு திறந்தால் பெயர் தெரியும். அதுவும் வேண்டாம் என்றால் விண்டோஸின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு லினக்ஸின் எண்ணை அடித்தால் நேரே திறந்துகொள்ளும்.

இவ்வளவு எதற்கு, அணைத்துவிட்டுப் போனால் என்ன?

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வானாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் ஒரே நாளில் உலகைச் சுற்றியது. யாரும் மின்னஞ்சல் இணைப்பைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. 445-ஆம் போர்ட் திறந்திருந்து, விண்டோஸில் திருத்தம் போடாமல் இருந்தால் அதுவே உள்ளே வந்தது. உள்ளே வந்ததும் ஃபைல்களைப் பூட்டி பிட்காயின் கேட்டது. அதோடு நிற்காமல், அதே வலையில் வேறு யார் 445-ஐத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் போனது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையிடமிருந்து கசிந்த எடர்னல் புளூ என்ற தாக்குதல் கருவிதான் அதன் எஞ்சின். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-இல், வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இந்தியாவில் ஒரகடத்தில் உள்ள ரெனோ–நிசான் கார் ஆலை, திருமலை திருப்பதி தேவஸ்தான அலுவலகம், வயநாட்டின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகம், கோவைக்கு அடுத்திருக்கும் பாலக்காட்டில் தென்னக ரயில்வேயின் கோட்ட அலுவலகம் என்று செய்திகள் வந்தன. கார் ஆலையும் பஞ்சாயத்து அலுவலகமும் ஒரே வைரஸுக்கு ஒரே வாரத்தில் மாட்டின. பெரிய இடம், சின்ன இடம் என்ற பேதம் அதற்கு இல்லை.

‘அது விண்டோஸ் பாடு, நாம் லினக்ஸ் அல்லவா’ என்று நிம்மதி அடைந்தவர்களுக்கு அந்த நிம்மதி இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. மே 24-ஆம் தேதி சாம்பா குழுவே ஓர் ஓட்டையை அறிவித்தது. சிவிஇ-2017-7494 என்பது அதன் எண். வானாக்ரை சூடு ஆறுவதற்குள் வந்ததால் சாம்பாக்ரை என்று பெயர் ஒட்டிக்கொண்டது. 2010-இல் வந்த சாம்பா 3.5-இலிருந்தே, ஏழு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் அது இருந்திருக்கிறது. இரண்டு நிபந்தனை போதும்: 445 எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், எழுத அனுமதி உள்ள ஒரு ஷேர் இருக்க வேண்டும். தாக்குபவர் ஒரு நிரல் கோப்பை அந்த ஷேரில் போட்டு, அதை சாம்பாவையே இயக்க வைத்துவிடலாம். ஒரு வாரத்துக்குள் அதே வழியில் புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்கள் பிடிபட்டன. கணினி மெதுவாக ஓடுகிறதே, மின்விசிறி ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்பதைத் தவிர உரிமையாளருக்கு வேறு எதுவும் தெரிந்திருக்காது.

அந்த இரண்டாவது நிபந்தனை நம் அலுவலகங்களில் மிகச் சாதாரணம். பாஸ்வேர்டு கேட்டால் தொல்லை என்று, ‘கெஸ்ட்’ ஆக யார் வேண்டுமானாலும் வரலாம், எழுதலாம் என்று ஷேரைத் திறந்து வைக்கும் பழக்கம் இருக்கிறது. ஆகவே போர்ட்டைத் திறக்கும்போதே மூன்று வேலையைச் சேர்த்துச் செய்வது நல்லது. ஷேருக்கு ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் வைப்பது. பார்க்க மட்டும் வேண்டியவர்களுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் தருவது. மூன்றாவது, லினக்ஸின் அப்டேட் அறிவிப்பைத் தள்ளிப்போடாமல் இருப்பது. சாம்பாக்ரைக்கான திருத்தம் ஓட்டையை அறிவித்த அன்றே வந்துவிட்டது, போட்டவர்களுக்குப் பிரச்சினை அதோடு முடிந்தது.

எடைமேடைக் கணினியில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் இடங்களில் வேறொரு தலைவலி உண்டு. எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய பேச்சு முறை மட்டும். வானாக்ரை நுழைந்ததும் அந்த முறையின் வழியாகத்தான். 2019 செப்டம்பரில் வந்த சாம்பா 4.11-இலிருந்து அது இயல்பாகவே அணைந்திருக்கிறது. அதனால் போர்ட் சரியாகத் திறந்திருந்தும் எக்ஸ்பி மட்டும் உள்ளே வராது. அந்த ஒரு கணினிக்காகப் பழைய முறையை எல்லோருக்கும் திரும்ப இயக்குவதைவிட, அதன் ஃபைலை மட்டும் வேறு வழியில் எடுத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஃபெடோரா, ஓப்பன்சூசே போன்ற லினக்ஸ்களில் ஃபயர்வால்டி என்ற வேறு கருவி, முதல் நாளிலிருந்தே இயக்கத்தில் இருக்கும். ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனின் இயல்பு அமைப்பு விசித்திரமானது: 1025 முதல் 65535 வரை எல்லாம் திறந்திருக்கும், அதற்குக் கீழே பெரும்பாலும் மூடியிருக்கும். அதனால் போனிலிருந்து கணினிக்கு ஃபைல் அனுப்ப உதவும், 53317-ஐப் பயன்படுத்தும் லோக்கல்சென்ட் ஒன்றும் செய்யாமலேயே ஓடும், 445-ஐக் கேட்கும் சாம்பா மட்டும் ஓடாது. எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று குழம்புபவர்கள் இந்த எல்லைக்கோட்டைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும்.

ஃபயர்வால்டியில் ‘ஸோன்’ என்ற நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. மில் வைஃபைக்கு ‘ஹோம்’, பஸ் ஸ்டாண்டு, ஓட்டல் வைஃபைக்கு ‘பப்ளிக்’ என்று ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி விதி வைக்கலாம். சாம்பாவை ஹோமில் மட்டும் சேர்த்துவிட்டால், மடிக்கணினியோடு பையரைப் பார்க்கத் திருப்பூரோ கோவையோ போகும்போது அது தானாக மூடிக்கொள்ளும். ஊர் சுற்றும் கணினி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. ஆனால் விதி சேர்க்கும்போது ‘பெர்மனென்ட்’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அன்றைக்கு எல்லாம் ஓடும், கரண்டு போய் வந்ததும் ஷேர் காணாமல் போயிருக்கும்.

கரண்டு போய் வந்தால் நடக்கும் இன்னொன்று, ரவுட்டர் லினக்ஸ் கணினிக்கு வேறு முகவரியைக் கொடுத்துவிடுவது. நேற்று 192.168.1.10, இன்று 192.168.1.14. ஃபயர்வால் மேல் எந்தத் தப்பும் இல்லாமலே ஷேர் திறக்காது. ரவுட்டரில் அந்தக் கணினிக்கு நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொந்தரவு ஓயும்.

சாம்பா வேண்டாம், போனிலிருந்து கணினிக்கு நாலு போட்டோ அனுப்பினால் போதும் என்பவர்களுக்கு வேறு மென்பொருள்கள் இருக்கின்றன. லோக்கல்சென்டுக்கு 53317, டிசிபி யூடிபி இரண்டும். கேடிஇ கனெக்ட்டுக்கு 1714 முதல் 1764 வரை. லினக்ஸ் மின்டோடு வரும் வார்ப்பினேட்டருக்கு 42000, 42001. இரண்டு கணினிகளின் ஃபோல்டரை எப்போதும் ஒன்றுபோல வைத்திருக்கும் சிங்க்திங்குக்கு 22000, அக்கம்பக்கத்தைக் கண்டுபிடிக்க யூடிபி 21027. சிங்க்திங்கின் கட்டுப்பாட்டுத் திரை 8384-இல் ஓடும். அதை வெளியே திறக்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் முன்சொன்ன முகவரி வரம்பு பொருந்தும்.

வெளியூரிலிருந்து மில் ஃபைலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வரும்போதுதான் பெரிய ஆபத்து வருகிறது. ரவுட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ போட்டு, இணையத்திலிருந்து நேரே உள்ளே வர வழி வைப்பார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பிணைத்தொகை வைரஸ் இப்படி வழி வைத்திருந்தவர்களைத்தான் தேடி வந்தது. தைவானின் க்யூநாப் நிறுவனத்தின் ஃபைல் பெட்டிகள் உள்ளுக்குள் லினக்ஸில் ஓடுபவை. இணையத்துக்குத் திறந்திருந்த ஆயிரக்கணக்கான பெட்டிகளைப் பூட்டிவிட்டு, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டார்கள். போர்ட் ஃபார்வர்டிங்கையும், ரவுட்டர் தானாகவே வழி திறந்துவிடும் யூபிஎன்பி வசதியையும் உடனே அணையுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. வெளியூரிலிருந்து ஃபைல் வேண்டும் என்றால் வயர்கார்டு போன்ற விபிஎன் சரியான வழி. வெளியே திறக்க வேண்டியது அதன் 51820 ஒன்றைத்தான், அதுவும் சாவி இல்லாதவருக்குப் பதிலே சொல்லாது.

இங்கே பல ஃபைபர் இணைப்புகளில் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதனால் வெளியிலிருந்து யாரும் நேரே உள்ளே வர முடிவதில்லை. போர்ட்டை ஃபார்வர்டு செய்தும் வெளியிலிருந்து இணைப்பு வரவில்லை என்று புலம்புபவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். இதைப் பாதுகாப்பு என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது, ஏனென்றால் ஐபிவி6 வந்துவிட்டது. உலகில் ஐபிவி6 அதிகம் புழங்கும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது. அந்த முறையில் மூலையில் இருக்கும் லினக்ஸ் பெட்டிக்கும் இணையம் முழுக்கச் செல்லுபடியாகும் சொந்த முகவரி கிடைக்கும். ரவுட்டர் தடுக்காவிட்டால் மிச்சமிருக்கும் ஒரே தடுப்பு அந்தக் கணினியின் ஃபயர்வால்தான்.

முகவரி வரம்பைப் போடாமல், ‘அலோ சாம்பா’ என்று சுருக்கமாக அடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அப்படி அடித்தால் யூஎஃப்டபிள்யூ ஒரு விதிக்குப் பதில் இரண்டு விதிகளைப் போடும்: ஒன்று பழைய முகவரிகளுக்கு, மற்றொன்று ஐபிவி6-க்கு, இரண்டும் உலகத்துக்கே பொதுவாக. ‘ஸ்டேட்டஸ் நம்பர்டு’ என்று கேட்டால் விதிகளை வரிசை எண்ணோடு காட்டும். சாம்பா வரியின் எதிரே ‘எனிவேர்’ என்று இருந்தால், முகவரியோடு கூடிய விதியை முதலில் சேர்த்துவிட்டு, பழைய இரண்டையும் ‘டிலீட்’ என்று எண்ணைச் சொல்லி நீக்க வேண்டும். ஒன்றை நீக்கியதும் மற்றவற்றின் வரிசை எண் மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திரும்பப் பார்த்துவிட்டு அடுத்ததை நீக்குவது நல்லது.